பேண்டில் பேஸ் கிடார் கேட்கவில்லையா? பிக்கப்பைக் கம்ப்யூட்டரில் சோதியுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்கிற காரியங்களில் ஒன்று, பிடித்த பாட்டைப் போட்டுக் கேட்பது. நீங்களும் அப்படித்தான் என்றால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். இளையராஜாவின் எண்பதுகளின் பாடல் ஏதாவது ஒன்றை லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரில் ஒரு முறையும், நல்ல ஹெட்போனில் ஒரு முறையும் கேளுங்கள். ஹெட்போனில் கேட்கும்போது பாடுபவரின் குரலுக்கு அடியில் கனமான குரலில் இன்னொரு மெட்டு தனியாக நடந்து போவது தெரியும். அதுதான் பேஸ் கிடார். நான்கு தடித்த தந்திகள், நீளமான கழுத்து. சாதாரணக் கிடாரைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும்.

ஸ்டுடியோவில் இவ்வளவு அழகாகக் கேட்கும் இந்தக் கருவி, மேடை ஏறினால் பாவப்பட்ட பிறவி! டிரம்ஸ், இரண்டு எலெக்ட்ரிக் கிடார், கீபோர்டு எல்லாம் சேர்ந்து முழங்கும்போது பேஸ் வாசிப்பவர் விரல் அசைவது தெரியும், சத்தம் மட்டும் வராது. "வால்யூமைக் கூட்டினால் போச்சு" என்பார்கள். கூட்டினால் ஹால் முழுக்க "உம்ம்ம்" என்று ஓர் உறுமல் வருமே தவிர, என்ன சுரம் என்று யாருக்கும் புரியாது.

இதற்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நான் வார நாட்களில் கோட் எழுதுபவன். சனி, ஞாயிறுகளில் நண்பர்களோடு ஒரு பேண்டில் பேஸ் வாசிப்பவன். பேஸ் கிடாரின் சத்தத்தைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் உறுப்புக்குப் பிக்கப் என்று பெயர். எந்தப் பிக்கப்பைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கடைக்காரரின் பேச்சை வைத்து முடிவு செய்யாமல், வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டரையும் ஓர் இலவச சாஃப்ட்வேரையும் வைத்தே முடிவு செய்யலாம். அந்த வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கிடார் வாசிக்காதவர்களுக்கும் இதில் விஷயம் உண்டு. ஒலி, சவுண்ட் கார்டு, ஸ்பீக்கர் ஆகியவை எப்படி நடந்துகொள்கின்றன என்பது தெரியவரும்.

இது பழைய பிரச்சினை

பேஸ் கிடார் பிறந்ததே இந்தக் குறையைத் தீர்க்கத்தான். அதற்கு முன் மேற்கத்திய இசைக் குழுக்களில் ஆளுயர டபுள் பேஸ்தான் வாசித்தார்கள். டிரம்ஸும் பித்தளைக் கருவிகளும் முழங்கும் மேடையில் அது எடுபடவில்லை. அமெரிக்காவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்து கிடார் தயாரிப்பாளராக மாறிய லியோ ஃபெண்டர், 1951இல் பிரிசிஷன் பேஸ் என்ற கருவியைக் கொண்டுவந்தார். கழுத்தில் ஃப்ரெட் கட்டைகள் இருந்ததால் சுரம் பிசகாது. பிக்கப் இருந்ததால் சத்தத்தை ஆம்ப்ளிஃபயர் பார்த்துக்கொள்ளும். ஆனால் எலெக்ட்ரிக் கிடார் வாசித்தவர்களும் சும்மா இருக்கவில்லை. அவர்களுடைய ஆம்ப்ளிஃபயர்களும் பெரிதாகிக்கொண்டே போயின. போட்டி இன்றுவரை முடியவில்லை.

எங்கள் பேண்டிலும் அதே கதைதான். தாம்பரத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்கு வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தோம்; மூன்று வாரம் இருந்தது. ஒத்திகை நடுவில் பாடகி அக்கா நிறுத்திவிட்டு, "தம்பி, நீங்க வாசிக்கிறது எனக்குக் காதுலயே விழல. சுருதி எங்க நிக்குதுன்னு பிடிமானம் கிடைக்க மாட்டேங்குது" என்றார். கீபோர்டு வாசிக்கும் அண்ணன் சாதாரணமாகச் சொன்னார்: "பேஸை நான் இடது கையில வாசிச்சிடறேன். மேடையில ஒரு ஆள் குறைஞ்சா இடமும் மிச்சம், பங்கும் மிச்சம்." அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னார். நம் ஊர் மெல்லிசைக் குழுக்கள் பலவற்றில் பேஸ் கிடார் மேடையிலிருந்து இறங்கிப் போனது இப்படித்தான்.

வால்யூம் ஏன் தீர்வல்ல என்பதற்கு இரண்டு காரணங்கள். 100 வாட் ஆம்ப்ளிஃபயரை மாற்றி 200 வாட் வாங்கினாலும் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு லேசான வித்தியாசம் மட்டுமே தெரியும். இரண்டாவது, நம் காது. 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியாஷ் தரும் அளவு. அந்தக் கணக்கில் 100 டெசிபெல்லில் 15 நிமிடம்தான். சின்ன ஒத்திகை அறையில் டிரம்ஸோடு போட்டி போட்டால் அந்த அளவை எளிதில் தாண்டிவிடுவோம். ஒவ்வொருவரும் கூட்டிக்கொண்டே போனால் பத்து வருடத்தில் காதில் ரீங்காரம்தான் மிச்சம்.

காதை ஏமாற்றும் 41 ஹெர்ட்ஸ்

பிக்கப்புக்குப் போகுமுன் ஒரு பரிசோதனை. ஆடாசிட்டி என்ற சாஃப்ட்வேரை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் திறந்து ஜெனரேட் மெனுவில் டோன் என்பதைக் கிளிக் செய்யுங்கள். வேவ்ஃபார்ம் என்ற இடத்தில் சைன், ஃப்ரீக்வென்ஸி என்ற இடத்தில் 41 கொடுத்து ஓகே செய்து, லேப்டாப் ஸ்பீக்கரில் ஓடவிடுங்கள். பெரும்பாலும் ஒன்றும் கேட்காது. கேட்கவில்லையே என்று வால்யூமை ஏற்ற வேண்டாம். சின்ன ஸ்பீக்கருக்கு அது நல்லதல்ல. அதை அழித்துவிட்டு, அதே 41 ஹெர்ட்ஸை சாடூத் என்ற வேவ்ஃபார்மில் உருவாக்கி ஓட்டுங்கள். இப்போது தாழ்ந்த சுரம் ஒன்று தெளிவாகக் கேட்கும்!

இரண்டும் 41 ஹெர்ட்ஸ்தான். பிறகு ஏன் இப்படி? சைன் அலையில் 41 மட்டுமே உண்டு. சாடூத்தில் 41உடன் 82, 123, 164 என்று அதன் மடங்குகள் எல்லாம் இருக்கின்றன. இவற்றை ஹார்மோனிக்ஸ் என்கிறோம். லேப்டாப் ஸ்பீக்கரால் 41ஐ எழுப்ப முடியாவிட்டாலும் மேலே உள்ள மடங்குகளை எழுப்ப முடியும். அவற்றைக் கேட்ட மூளை, "இவற்றின் அடிச் சுரம் 41" என்று தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது.

பேஸ் கிடாரின் தந்திகள் ஈ, ஏ, டி, ஜி. அவற்றின் அடிச் சுரங்கள் முறையே 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். நம் காதுக்குக் கீழ் ஒலிகள் என்றால் கொஞ்சம் மந்தம். 1933இல் பெல் லேபில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து வரைபடமாகவே வெளியிட்டார்கள். 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெல் எவ்வளவு சத்தமாகத் தெரிகிறதோ, அதே அளவு தெரிய 40 ஹெர்ட்ஸுக்கு 80 டெசிபெல்லுக்கு மேல் வேண்டும் என்கின்றன இன்றைய அளவீடுகள். சத்தம் பலமாக இருக்கும்போது இந்த வித்தியாசம் குறையும், ஆனால் முழுக்க மறையாது.

இப்போது மேடையைப் பாருங்கள். 50 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை டிரம்ஸின் கிக் குத்திக்கொண்டிருக்கிறது. கிடாரின் தடித்த தந்தி 82இல் தொடங்குகிறது. டிஸ்டார்ஷன் போட்டு பேஸ் நாப்பையும் திருகிவிட்டால் 100 முதல் 250 வரை அதன் ஆட்சி. 1000க்கு மேல் குரலும் சிம்பலும். கல்யாண மண்டபத்தின் வெறும் சிமெண்ட் சுவர்கள் தாழ்ந்த ஒலிகளை மாற்றி மாற்றி எறிந்து குழப்பிவிடும். ஆக, பேஸ் தன் முகத்தைக் காட்ட மிஞ்சியிருக்கும் ஜன்னல் ஏறக்குறைய 200 முதல் 900 ஹெர்ட்ஸ் வரைதான். பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்த ஜன்னலில் இது என்ன தருகிறது?" என்பதே. "எவ்வளவு கனமாக இருக்கிறது?" என்பதல்ல.

பிக்கப் என்பது என்ன?

இது மைக் இல்லை. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய ஒரு காயில். எஃகுத் தந்தி அதன் மேல் அதிரும்போது காந்தப் புலம் மாறி, காயிலில் சின்ன மின்சாரம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்டுபிடித்தாரே, அதே தத்துவம்தான். டேப் ரிக்கார்டரின் ஹெட் நாடாவைப் படித்ததும் இப்படியே. அதனால்தான் நைலான் தந்தி போட்டால் இந்தப் பிக்கப் ஊமையாகிவிடும்.

கடையில் நான்கு வகைகளைக் காட்டுவார்கள். முதலாவது பிரிசிஷன் வகை. 1957இல் இதன் இன்றைய வடிவம் வந்தது. காயில் இரண்டாகப் பிளந்திருக்கும். ஒரு பாதி ஈ, ஏ தந்திகளுக்கு, மறு பாதி டி, ஜி தந்திகளுக்கு. இரண்டும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் மின்சார இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். அடுத்தது ஜாஸ் வகை, 1960. நீளமான ஒற்றைக் காயில் பிக்கப்கள் இரண்டு, ஒன்று கழுத்துப் பக்கம், ஒன்று பிரிட்ஜ் பக்கம். மூன்றாவது, 1976இல் மியூசிக் மேன் ஸ்டிங்ரே கொண்டுவந்த பாணி: பிரிட்ஜுக்கு அருகே இரட்டைக் காயில் ஹம்பக்கர், கூடவே பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப். கடைசியாக சோப்புக் கட்டி மாதிரி மூடிய சோப்பார் வகை. இதில் சில உள்ளேயே ப்ரீஆம்ப் வைத்த ஆக்டிவ் பிக்கப்கள். 9 வோல்ட் பேட்டரி வேண்டும்.

இவற்றுள் எது உசத்தி என்று கேட்பதில் பயனில்லை. கழுத்துக்கும் பிரிட்ஜுக்கும் இடையில் பிக்கப் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். அதை எக்செல்லிலேயே பார்த்துவிடலாம். லிப்ரே ஆபீஸ் கால்க் இருந்தாலும் சரி.

முதல் காலத்தில் 1, 2, 3 என்று 10 வரை எழுதுங்கள். இவை ஹார்மோனிக் எண்கள். பக்கத்துக் காலத்தில் சைன் ஃபங்ஷனைப் போட்டு, அதற்குள் பை மதிப்பு, ஹார்மோனிக் எண், பிரிட்ஜிலிருந்து பிக்கப் இருக்கும் தூரம் மூன்றையும் பெருக்கி, தந்தியின் நீளத்தால் வகுக்கச் சொல்லுங்கள். பேஸ் தந்தியின் வழக்கமான நீளம் 34 அங்குலம், அதாவது 86.4 செ.மீ. பையால் பெருக்க மறக்காதீர்கள். எக்செல் கோணத்தை டிகிரியில் எடுத்துக்கொள்ளாது, ரேடியனில்தான் எடுக்கும்.

பிரிசிஷன் பிக்கப் சுமார் 15 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. அதைக் கொடுத்தால் முதல் நான்கு விடைகள் 0.52, 0.89, 1.00, 0.82 என்று வரும். அதாவது அடிச் சுரத்தைப் பாதியளவும், 2, 3, 4ஆவது ஹார்மோனிக்குகளை ஏறக்குறைய முழுதாகவும் அது பிடிக்கிறது. ஜாஸின் பிரிட்ஜ் பக்கப் பிக்கப்புக்கு 6.5 செ.மீ. என்று கொடுங்கள். 0.23, 0.46, 0.65, 0.81, 0.93, 0.99. அடிச் சுரம் மெலிந்து, மேலே போகப் போக ஏறுகிறது. இது பிக்கப் எவ்வளவு "பார்க்கிறது" என்ற கணக்கு மட்டுமே. தந்தியில் மேல் ஹார்மோனிக்குகள் இயல்பாகவே பலம் குறைந்தவை. எனவே பிரிட்ஜ் பிக்கப் தனியாக வாசித்தால் சத்தம் சின்னதாக, மூக்கால் பேசுவதுபோல இருக்கும். ஆனால் அதன் உச்சரிப்பு கூட்டத்திலும் தெரியும்.

இரண்டு பிக்கப் வைத்த ஜாஸில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டையும் முழுதாகத் திறந்து வைத்தால் தனியாக வாசிக்கும்போது பளிச்சென்று, சிடி தரத்தில் கேட்கும். கடையில் எல்லோரும் மயங்குவது இதில்தான். எக்செல்லில் இரண்டு பிக்கப்பின் காலங்களையும் கூட்டிப் பாருங்கள். அறுபதுகளின் வடிவத்தில் இரண்டுக்கும் இடைவெளி சுமார் 3.6 அங்குலம். 9, 10ஆவது ஹார்மோனிக் வரும்போது ஒரு பிக்கப் தந்தி மேலே போவதைப் பார்க்கிறது, மற்றது கீழே போவதைப் பார்க்கிறது. கூட்டினால் கிட்டத்தட்டப் பூஜ்யம். ஈ தந்தியில் இந்தப் பள்ளம் விழுவது ஏறக்குறைய 390 ஹெர்ட்ஸில். ஏ தந்தியில் 520, டியில் 690, ஜியில் 930. எந்த ஃப்ரெட்டில் விரல் வைத்தாலும் அந்தந்தத் தந்திக்குப் பள்ளம் அதே இடத்தில்தான். பேஸுக்கு மிஞ்சியிருந்த ஜன்னல் 200 முதல் 900 என்று பார்த்தோம் அல்லவா? பள்ளங்கள் எல்லாம் அந்த வாசலிலேயே விழுகின்றன!

ஒரு பிக்கப்பின் வால்யூமைச் சற்றுக் குறைத்தால் பள்ளம் ஆழம் குறைந்துவிடும். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. ஜாஸின் இரண்டு பிக்கப்களும் எதிரெதிராகச் சுற்றியவை; இரண்டும் சமமாக இருக்கும்போதுதான் மின் இரைச்சல் அடிபடும். ஒன்றைக் குறைத்தவுடன் "ம்ம்ம்" என்ற சத்தம் எட்டிப் பார்க்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ தந்தியின் மூன்றாவது ஃப்ரெட் 49 ஹெர்ட்ஸ். கூப்பிடாமலே ஒருவர் கூடவே பாடிக்கொண்டிருப்பதுபோல இருக்கும்.

பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பெட்டிகளில் ஒரு காலத்தில் 1000 வாட் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருப்பார்கள், நினைவிருக்கிறதா? பிக்கப் உலகிலும் அதுபோல் "ஹை அவுட்புட்" என்ற சொல் உண்டு. கூடவே கிலோ ஓம்ஸில் ஓர் எண். பிரிசிஷனுக்குச் சுமார் 10, ஜாஸுக்கு 7 அல்லது 8 இருப்பது சகஜம். எண் கூடினால் சத்தம் கூடும் என்று நினைத்து வாங்குகிறார்கள்.

அந்த எண் கம்பியின் மின்தடைதான். அதிகம் சுற்றினால் மின்தடையோடு இண்டக்டன்ஸும் கூடுகிறது. வோல்டேஜ் கொஞ்சம் கூடும், ஆனால் மேல் ஒலிகள் மங்கும். 4 ஹென்றி பிக்கப் ஒன்று 700 பிகோஃபாரட் கேபிளோடு சேர்ந்தால் அதன் உச்சி 3000 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கும். கேபிளை நீட்டி 1400 பிகோஃபாரட் ஆக்கினால் 2100க்கு இறங்கிவிடும். சத்தத்தைக் கூட்ட ஆம்ப்ளிஃபயரில் நாப் இருக்கிறது. மங்கிப் போன தெளிவைத் திரும்பக் கொண்டுவர அங்கே ஒன்றும் இல்லை. என் கருத்தில் கூட்டத்தில் கேட்க வேண்டும் என்பவருக்கு மிதமாகச் சுற்றிய பிக்கப்பே மேல்.

கம்ப்யூட்டரில் இணைப்பது

இனி சோதனை. கிடார் கேபிளை கன்வெர்ட்டர் பின் போட்டு நேராக மைக் துளையில் செருகும் ஆசை வரும். வேண்டாம். அந்தத் துளை சின்ன மைக்குகளுக்கானது. மைக்குக்கு வேண்டிய மின்சாரத்தை அதுவே அனுப்பும். லைன் இன் துளையும் பொருந்தாது. 6 ஹென்றி, 10 கிலோ ஓம்ஸ் கொண்ட ஒரு பிக்கப்பை 10 கிலோ ஓம்ஸ் இன்புட்டில் இணைத்தால் சுமார் 500 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாம் சரிய ஆரம்பிக்கும். எந்தப் பிக்கப்பைச் சோதித்தாலும் ஒரே மாதிரி கம்பளிக்குள் இருந்து கேட்கும்.

வேண்டியது யுஎஸ்பி ஆடியோ இண்டர்ஃபேஸ். அதில் "இன்ஸ்ட்" அல்லது "ஹை-இஸட்" என்று குறித்த இன்புட் இருக்க வேண்டும். அந்த இன்புட் 1 மெகா ஓம் அளவில் இருக்கும், பிக்கப்பை அழுத்தாது. சொந்தமாக வாங்க வசதி இல்லை என்றால் ஒரு வாரத்துக்கு நண்பரிடம் கடன் கேளுங்கள். லேப்டாப்பில் பதிவு செய்யும்போது சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். பாதி இரைச்சல் அங்கேயே ஒழியும். இரைச்சலை ஒழிக்கிறேன் என்று ஆம்ப்ளிஃபயரின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பேஸ் கிடாரின் தந்திகள் எர்த்தோடு இணைந்தவை. விரல் தந்தியில் இருக்க, உதடு மைக்கைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

எங்கள் குழுவின் ஒத்திகை ஒன்றை, நான் வாசிக்காமல், மொபைலில் பதிவு செய்துகொண்டேன். அந்த ஃபைலை ஆடாசிட்டியில் திறந்தேன். பிறகு நண்பர்களிடம் வாங்கிய ஒரு பிரிசிஷன், ஓர் ஆக்டிவ் சோப்பார், என்னுடைய ஜாஸ் மூன்றிலும் அதே பாட்டை அதே விரலால், நாப்கள் எல்லாம் ஒரே நிலையில் வைத்து வாசித்து, ஒவ்வொன்றையும் தனித் டிராக்கில் பதிவு செய்தேன். ஜாஸில் மட்டும் மூன்று முறை: இரண்டும் சேர்ந்து, கழுத்துப் பிக்கப் தனியாக, பிரிட்ஜ் தனியாக.

இங்கே ஒரு படி மிக முக்கியம். எஃபெக்ட் மெனுவில் லவுட்னஸ் நார்மலைசேஷன் கொடுத்து எல்லா டிராக்குகளையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். இதைச் செய்யாவிட்டால் எது சத்தமாகப் பதிவானதோ அதுவே நல்லதாகத் தெரியும். மனிதக் காதின் பலவீனம் அது. அப்புறம் சோலோ பட்டனை அழுத்தி ஒவ்வொன்றையும் தனியாகக் கேளுங்கள். அடுத்து ஒத்திகைப் பதிவோடு சேர்த்து, ஒரு டிராக்கை மட்டும் விட்டு மற்றவற்றை மியூட் செய்து கேளுங்கள்.

தனியாகக் கேட்டபோது ஆக்டிவ் சோப்பார் ராஜாவாக இருந்தது. அடியில் ஆழம், மேலே பளபளப்பு. பிரிசிஷன் அதன் பக்கத்தில் தகர டப்பா. ஒத்திகைப் பதிவோடு சேர்த்தவுடன் எல்லாம் தலைகீழ்! சோப்பாரின் ஆழத்தைக் கிக் தின்றுவிட்டது, பளபளப்பைச் சிம்பல் தின்றுவிட்டது, நடுவில் ஒன்றுமில்லை. டப்பா என்று நினைத்த பிரிசிஷன் ஒவ்வொரு சுரமாக எண்ணிச் சொல்லியது. மூன்று கிடார் கலைஞர்கள் முழங்கும் அயர்ன் மெய்டன் குழுவில் ஸ்டீவ் ஹாரிஸ் ஏன் காலமெல்லாம் பிரிசிஷனோடு நிற்கிறார் என்பது அன்று புரிந்தது. அவர்கள் 2007 மார்ச்சில் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தார்கள். எனக்கு அப்போது பள்ளி வயது. பார்க்கவில்லையே என்ற வருத்தம் இன்னும் உண்டு.

காதை நம்பாதவர்கள் கண்ணால் பார்க்கலாம். ஒரு டிராக்கைத் தேர்ந்தெடுத்து அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் கிளிக் செய்து, சைஸ் என்ற இடத்தில் 16384 கொடுங்கள். மலைத்தொடர்போல ஒரு வரைபடம் வரும். 200க்கும் 900க்கும் இடையில் மலையா, பள்ளத்தாக்கா என்று பாருங்கள். என் ஜாஸில் இரண்டு பிக்கப்பும் திறந்த பதிவில், எக்செல் சொன்ன இடங்களுக்குப் பக்கத்திலேயே பள்ளம் இருந்தது. கழுத்துப் பிக்கப் தனியாக வாசித்த பதிவு ஏறக்குறைய பிரிசிஷனின் தம்பி. அது இருக்கும் இடமும் கிட்டத்தட்ட அதுதானே.

என்ன வாங்கினேன்?

புதிதாகப் பேஸ் வாங்கப் போகிறவர், மேடைச் சத்தத்தில் வாசிக்கப் போகிறவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிரிசிஷன் பிக்கப் உள்ளதை வாங்கலாம். பிரிட்ஜ் பக்கம் ஒரு ஜாஸ் பிக்கப்பும் சேர்ந்திருந்தால் இன்னும் வசதி. ஸ்டிங்ரே பாணி ஹம்பக்கரும் நன்றாகக் கேட்கும். விரலின் அடி பளிச்சென்று தெரியும். ஆனால் அதன் ப்ரீஆம்ப்பில் பேஸையும் டிரெபிளையும் முழுக்கத் திருகினால் நடுப்பகுதி காலி. நாப்களை நடுவிலேயே விட்டுவிடுங்கள்.

என் கதை வேறு. என்னுடையது ஜாஸ், பிரிசிஷன் பிக்கப் வைக்க வேண்டுமானால் மரத்தைக் குடைய வேண்டும். அதற்கு மனம் வரவில்லை. எனவே ஜாஸ் அளவிலேயே வரும் இரைச்சல் இல்லாத ஜோடியை வாங்கினேன். இவற்றில் ஒவ்வொரு பிக்கப்புக்குள்ளும் எதிரெதிராகச் சுற்றிய காயில்கள் இருப்பதால், ஒன்றைக் குறைத்தாலும் "ம்ம்ம்" வராது. கழுத்துப் பிக்கப்பை முழுதாகவும் பிரிட்ஜை ஏறக்குறையப் பாதியாகவும் வைத்துக்கொள்கிறேன். அடுத்த ஒத்திகையில் கிடார் வாசிக்கும் மச்சானிடம் ஸ்பெக்ட்ரம் படத்தைக் காட்டி அவனுடைய பேஸ் நாப்பையும் கொஞ்சம் இறக்க வைத்தேன். அவன் சத்தம் குறைந்ததாக அவனுக்கே தெரியவில்லை. அக்கா முதல் சரணம் முடியுமுன்னே திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். தாம்பரத்தில் ஐந்து பேரும் மேடையில் நின்றோம். கீபோர்டு அண்ணன் இடது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இன்னும் சில பாட்டுகளில் வந்து இடிக்கிறார். அது வேறு விஷயம்.

பணம் செலவழிக்குமுன் பிக்கப்பின் உயரத்தைப் பாருங்கள். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு தந்திக்கும் பிக்கப்புக்கும் இடைவெளியை ஸ்கேலால் அளந்தால் 2 முதல் 3 மி.மீ. இருக்க வேண்டும். பக்கத்திலுள்ள ஸ்குருவைத் திருகினால் ஏறி இறங்கும். ரொம்ப நெருக்கினால் காந்தம் தந்தியை இழுத்துச் சுரத்தையே கெடுத்துவிடும். பழைய தந்தியாக இருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டுச் சோதியுங்கள். மழுங்கிய தந்தியில் எந்தப் பிக்கப்பும் மழுங்கித்தான் கேட்கும்.

நீங்களே மாற்றுவதாக இருந்தால், சால்டரிங் அயர்னை எடுக்குமுன் உள்ளே இருக்கும் வயரிங்கை மொபைலில் நாலைந்து கோணங்களில் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டு வையுங்கள். வால்யூம் கண்ட்ரோல் பழுதாகியிருந்தால் அதையும் இப்போதே மாற்றலாம்; ஒற்றைக் காயிலுக்கு 250 கிலோ ஓம்ஸ், ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். பழையதைக் கையோடு கொண்டு போனால் தண்டின் அளவைச் சரிபார்த்துக்கொள்ளலாம். பழைய பேஸ் வாங்குபவர்கள் ஒரு மல்டிமீட்டரை எடுத்துப் போங்கள். கேபிளைச் செருகி, பிக்கப் ஒன்றை மட்டும் முழுதாகத் திறந்து, கேபிளின் மறுமுனையில் அளந்தால் சில கிலோ ஓம்ஸ் காட்ட வேண்டும். அதற்குப் பதில் அதைவிடப் பல மடங்கு அதிகமாகக் காட்டினால் காயில் அறுந்திருக்கிறது. ஆக்டிவ் வகையில் இந்த அளவு பயன்படாது. ஆக்டிவ் வைத்திருப்பவர்கள் வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். பெரும்பாலானவற்றில் கேபிளே சுவிட்ச், செருகியிருக்கும்வரை பேட்டரி தீரும்.

இரண்டு பிக்கப்பையும் மாட்டி முடித்த பிறகு, தனித்தனியே நன்றாக இருந்து, சேர்த்தால் மட்டும் சத்தம் ஒல்லியாகிக் காணாமல் போனால் பயப்படாதீர்கள். ஃபேஸ் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயர்களை மட்டும் இடம் மாற்றிச் சால்டர் செய்தால் சரியாகும். மறுபடி ஆடாசிட்டியில் பதிவு செய்து, பழைய பதிவின் ஸ்பெக்ட்ரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவுகளை எம்பி3 ஆக்காமல் வேவ் ஃபைலாக, தேதியும் பிக்கப்பின் பெயரும் போட்டு ஒரே ஃபோல்டரில் வையுங்கள். ஆறு மாதம் கழித்துத் தந்தி மாற்றும்போது மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.